பூசானில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: கியோங்ஜு கோயில்களை எப்படிப் பார்ப்பது?

ஜப்பானையும் கொரியாவையும் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்களில் பல, தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். காலையில் கரை சேர்ந்து மாலையில் கிளம்பிவிடும். அந்த இடைவெளியில் இறங்கி ஊர் பார்த்துத் திரும்பும் ஏற்பாட்டுக்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்', அதாவது கரை உலா. மீன் சந்தை, கடற்கரை, மலையோரக் குடியிருப்பு என்று பூசானுக்குள்ளேயே பல உலாக்கள் உண்டு. வரலாறும் கோயிலும் பார்க்க விரும்புகிறவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கியோங்ஜு உலாவைத்தான். பூசானுக்கு வடக்கே சாலை வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கும் பழைய தலைநகரம் அது.

போகிறவர்களில் பலருக்கு அங்கே முதலில் ஒரு குழப்பம் வரும். 8ஆம் நூற்றாண்டுக் கோயில் என்று சொல்லி அழைத்துப் போவார்கள். போய்ப் பார்த்தால் நேற்று வண்ணம் அடித்ததுபோல் பச்சையும் சிவப்புமாக மின்னும் மர மண்டபங்கள் நிற்கும். 'இதுவா பழசு?' என்று தோன்றும். பதில் எளிது: கொரியாவில் மரம் புதிது, கல் பழையது. போர்களில் மரம் எரிந்தது, எரிந்த இடத்திலேயே மறுபடி எழுந்தது. அடியில் இருந்த கல் பெரும்பாலும் அப்படியே இருந்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் எதை நின்று பார்ப்பது, எதைக் கடந்து போவது என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் நேரக் கணக்கு

காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் குடிநுழைவுச் சோதனை முடிந்து பேருந்தில் உட்காரவே 9 ஆகிவிடும். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்பதால், துறைமுகத்துக்கு நாலரை மணிக்குள் திரும்புவது நல்லது. மிச்சம் ஏழரை மணி நேரம். போகவர மூன்று மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். சுற்றிப் பார்க்கக் கிடைப்பது மூன்றரை மணி நேரம்தான்.

அதற்குள் நிதானமாகப் பார்க்கக்கூடியவை மூன்று இடங்கள்: புல்குக்சா கோயில், சொக்குராம் குகை, ஊருக்குள் இருக்கும் அரச கல்லறை மேடுகள். ஐந்து இடம், ஆறு இடம் என்று அடுக்கும் உலாக்களில் பாதி, பேருந்து நிறுத்தத்திலிருந்து எட்டிப் பார்ப்பதாகவே முடியும்.

கப்பல் நிறுவனத்தின் உலாவில் போனால் விலை கூடுதல். ஆனால் பேருந்து போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பூசானிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயில் அரை மணி நேரத்தில் கியோங்ஜு போய்விடும். ஆனால் அந்த ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து இன்னொரு பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொள்வது நடுவழி.

யாருடைய தலைநகரம்?

கொரியத் தீபகற்பம் முன்பு கொகுர்யோ, பெக்ஜே, சில்லா என்று மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்தது. இவற்றில் தென்கிழக்கு மூலையில் இருந்த சில்லாவின் தலைநகரம்தான் கியோங்ஜு. மரபுக் கணக்குப்படி சில்லாவின் காலம் கி.மு. 57 முதல் கி.பி. 935 வரை. 7ஆம் நூற்றாண்டில் சீனத்தின் தாங் பேரரசோடு கூட்டுச் சேர்ந்து மற்ற இரண்டு அரசுகளையும் சில்லா வீழ்த்தியது. பிறகு அதே தாங் படைகளோடு மோதி அவற்றை வெளியேற்றியது.

பௌத்தம் இங்கே அரச அங்கீகாரம் பெற்றது 527இல். அதற்குப் பிறகு மன்னர்களும் அமைச்சர்களும் போட்டி போட்டுக்கொண்டு கோயில் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் இரண்டு பெரிய சின்னங்களும் சில்லாவின் செல்வம் உச்சத்தில் இருந்த 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கொரியக் கோயிலின் அமைப்பு

மலைச்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் வரும். முதலாவது இல்ஜுமுன். அதன் தூண்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும், பக்கச் சுவர் இருக்காது. அடுத்து வருவது நான்கு திசைக் காவலர்களின் வாயில். கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய உருவங்களைக் கண்டு குழந்தைகள் பயப்படும். அவர்களில் வடதிசைக் காவலரான வைசிரவணன் வேறு யாருமல்ல, நம் குபேரன்தான். பௌத்தத்தோடு கிளம்பி நடு ஆசியாவையும் சீனத்தையும் கடந்து, போர்க்கவசம் பூண்டு இங்கே வந்து நிற்கிறார்.

உள்ளே இருக்கும் தலைமை மண்டபம் பெரும்பாலும் தேஉங்ஜொன். அதில் சாக்கியமுனி புத்தர் இருப்பார். அமிதாபருக்கும் வைரோசனருக்கும் அவலோகிதேசுவரருக்கும் தனித்தனி மண்டபங்கள் உண்டு. கோயிலின் பின்கோடியில் சின்னதாக ஒரு சன்னதி தெரிந்தால் போய்ப் பாருங்கள். வெண்தாடிக் கிழவர் ஒருவர் புலியோடு உட்கார்ந்திருப்பார். அவர் மலைத்தெய்வம். பௌத்தம் வருவதற்கு முன்பே கொரியர்கள் கும்பிட்ட தெய்வத்துக்குக் கோயில் தன் வளாகத்திலேயே இடம் கொடுத்துவிட்டது.

மரத்தில் கண்ணைப் பறிக்கும் வண்ண வேலைக்கு தான்சொங் என்று பெயர். அழகுக்கு மட்டுமல்ல, பூச்சியும் ஈரமும் மரத்தைத் தின்னாமல் காப்பதற்கும் அதுதான். வெளுத்துப்போனால் மறுபடி தீட்டுவார்கள். மண்டபத்துக்குள் போவதானால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போக வேண்டும். நடுக்கதவு மூத்த துறவிகளுக்கு உரியது. வழிபாடு நடக்கும்போது உள்ளே படம் எடுக்கக் கூடாது.

புல்குக்சா: கண்ணைக் கீழே இறக்குங்கள்

தோஹாம் மலையடிவாரத்தில் இருக்கும் புல்குக்சாவைக் கட்டத் தொடங்கியவர் கிம் தேசொங் என்ற அமைச்சர். வேலை தொடங்கியது 751இல். 774இல் அவர் இறந்துபோக, மிச்சத்தை அரசு முடித்தது. இந்தப் பிறவியின் பெற்றோருக்காகப் புல்குக்சாவையும் முற்பிறவியின் பெற்றோருக்காக மலைமேல் சொக்குராமையும் அவர் எழுப்பினார் என்று 13ஆம் நூற்றாண்டில் துறவி இர்யொன் தொகுத்த 'சம்குக் யூசா' சொல்கிறது.

1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில், மறு ஆண்டு கோயிலின் மரப்பகுதி முழுவதும் எரிந்துபோனது. பிற்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். இன்றைய தோற்றம் பெரும்பாலும் 1969 முதல் 1973 வரை நடந்த பெரிய புனரமைப்பில் வந்தது. ஆகவே கூரையை அண்ணாந்து பார்ப்பதைவிட அடித்தளத்தைப் பார்ப்பதே லாபம்.

கோயில் முகப்பில் உயர்ந்து நிற்கும் கல்மேடைக்கு அருகே போய் நில்லுங்கள். கீழ்வரிசையில் மலையில் கிடந்தபடியே எடுத்து வைத்த முண்டும் முடிச்சுமான பாறைகள் இருக்கும். அவற்றின்மேல் நேராகச் செதுக்கிய நீளக் கற்கள். இரண்டும் சேரும் விளிம்பைக் கவனியுங்கள். கீழே இருக்கும் பாறையின் மேடுபள்ளத்தைச் சிற்பி தட்டிச் சமப்படுத்தவில்லை. அந்த வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே மேல்கல்லின் அடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார். பன்னிரண்டு நூற்றாண்டு கழித்தும் கல்லோடு கல் கவ்விக்கொண்டு நிற்கிறது. 2016 செப்டம்பரில் கியோங்ஜுவை 5.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோதும் இந்த மேடை குலையவில்லை.

மேடையின் நடுவே மேலேறும் கல்படிகள்தான் சொங்உன்கியோ, பெகுன்கியோ என்ற இரட்டைப் பாலங்கள். மொத்தம் 33 படிகள். இந்திரனின் 33 தேவர் உலகத்தைக் குறிக்கும் எண்ணிக்கை இது என்பார்கள். படி ஏறினால் மனித உலகத்திலிருந்து புத்தரின் உலகத்துக்குள் போவதாகப் பொருள். இப்போது அதில் ஏறவிடுவதில்லை, பக்கவாட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

உள்முற்றத்தில் இரண்டு கல் ஸ்தூபிகள் எதிரெதிரே நிற்கின்றன. மேற்கே இருக்கும் சொக்காதாப் மூன்றடுக்கு கொண்டது, அலங்காரமே இல்லாதது. கிழக்கே இருக்கும் தபோதாப்பில் படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் தாமரையுமாகத் தச்சர் வேலையெல்லாம் கல்லில் செய்திருக்கிறார்கள். சாக்கியமுனி போதித்துக்கொண்டிருக்கையில் பிரபூதரத்தினர் என்ற முற்காலப் புத்தரின் ஸ்தூபி பூமியைப் பிளந்துகொண்டு எழுந்து, அந்தப் போதனை உண்மை என்று சாட்சி சொன்னதாகத் தாமரைச் சூத்திரத்தில் ஒரு கதை வரும். போதிப்பவர் சொக்காதாப், சாட்சி தபோதாப். கையில் 10 வொன் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், தபோதாப் அதில் இருக்கும். அதன் மேடையில் இருந்த நான்கு கல் சிங்கங்களில் இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

சொக்காதாப்பில் 1966இல் திருடர்கள் கைவைத்தார்கள். சேதத்தைச் சரிசெய்யப் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு தாரணிச் சூத்திரச் சுருள் கிடைத்தது. ஆறு மீட்டருக்கும் மேல் நீளமான காகிதத்தில் மர அச்சால் அச்சிட்டது. உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய மர அச்சுப் பிரதிகளில் ஒன்றாக அதை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மண்டபங்கள் புதியவை என்றாலும் உள்ளே இருக்கும் இரண்டு வெண்கல புத்தர்கள் சில்லா காலத்தவர்கள். பிரோஜொன் மண்டபத்தில் ஒரு கையின் சுட்டுவிரலை மறுகையால் பற்றிக்கொண்டிருப்பவர் வைரோசனர், குங்னாக்ஜொன் மண்டபத்தில் இருப்பவர் அமிதாபர். குங்னாக்ஜொன் வாசலில் கூட்டம் ஒரு குட்டிப் பன்றிச் சிலையைத் தடவிக்கொண்டிருக்கும். அந்த மண்டபத்தின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் மரத்தில் செதுக்கிய பன்றி ஒன்று மறைந்திருப்பதை 2007இல்தான் கவனித்தார்கள். பன்றி கொரியர்களுக்குச் செல்வத்தின் அடையாளம். தொட்டுக் கும்பிட வசதியாகக் கீழே இன்னொன்று வைத்துவிட்டார்கள்.

சொக்குராம்: குடையாத குகை

புல்குக்சாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பேருந்து ஒரு வாகன நிறுத்தத்தில் விடும். அங்கிருந்து மரநிழலில் மண்பாதை, கால் மணி நேர நடை. ஏற்றம் அதிகமில்லை.

குகை என்றதும் மாமல்லபுரத்து மண்டபங்களைப்போல் பாறையைக் குடைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இது கட்டிய குகை. வெட்டிய கருங்கற்களை வட்டமாக அடுக்கி, மேலே குவிமாடமாக மூடி, அதன்மேல் மண்ணைப் போட்டு மலைக்குள் இருப்பதுபோல் ஆக்கியிருக்கிறார்கள். குவிமாடக் கற்களுக்கு நடுவே நீளக் கற்கள் ஆணிபோல் பின்னோக்கிப் போய் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. உச்சியை மூடும் கல்லைத் தூக்கும்போது அது மூன்றாக உடைந்ததாம். மனம் நொந்து கிம் தேசொங் கண்ணயர்ந்த இரவில் தேவர்கள் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள் என்பது கதை. உச்சிக்கல்லில் விரிசல் இருப்பது கதையல்ல, இன்றும் இருக்கிறது.

நடுவே, தாமரைப் பீடத்தின்மேல் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்தில் புத்தர் கிழக்கே கடலை நோக்கி அமர்ந்திருக்கிறார். வலக்கை விரல்கள் பூமியைத் தொடுகின்றன. புத்தகயாவில் ஞானம் பெற்ற வேளையில் பூமியைச் சாட்சிக்கு அழைத்த முத்திரை அது. சுற்றுச்சுவரில் போதிசத்துவர்களும் பத்துச் சீடர்களும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கிறார்கள். அவர்களோடு பிரம்மாவும் இந்திரனும் உண்டு. ஆனால் சுவர்ச் சிற்பங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து கண்ணில் படாது.

காரணம், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. ஈரத்திலிருந்து குகையைக் காக்க வைத்தது அது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில், 1913 முதல் 1915 வரை, குகையைப் பிரித்து மறுபடி அடுக்கியபோது வெளிப்புறத்தில் சிமென்ட் பூசினார்கள். அதிலிருந்து உள்ளே ஈரம் கோர்க்கத் தொடங்கியது, பாசி படர்ந்தது. பழைய அமைப்பில் தரைக்கடியில் ஓடிய ஊற்று நீர் தரையைக் குளிர்வித்து, ஈரத்தைச் சிலைமேல் படியவிடாமல் தரையிலேயே இழுத்துக்கொண்டது என்று ஆய்வாளர் பலர் விளக்குகிறார்கள். 1960களில் மறுபடி பழுதுபார்த்தார்கள். இன்று இயந்திரம் வைத்துத்தான் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. இரண்டு கோயில்களும் 1995இல் சேர்ந்தே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

ஊருக்கு நடுவே அரசர்களின் மேடுகள்

கியோங்ஜு ஊருக்குள் வந்தால் வீடுகளுக்கு நடுவே பச்சைப் புல் மூடிய மண்மேடுகள் தெரியும். எல்லாம் சில்லாவின் அரசர்கள், உயர்குடியினரின் கல்லறைகள். தேருங்வொன் பூங்காவில் மட்டும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்க்கக்கூடியது சொன்மாச்சொங். மரத்தாலான அறையில் சவப்பெட்டியை வைத்து, அறைமேல் ஆற்றுக் கற்களைக் குவித்து, களிமண் பூசி, அதன்மேல் மண்ணை ஏற்றியிருக்கிறார்கள். மரம் மக்கியதும் கற்கள் உள்ளே சரிந்துவிடும். சுரங்கம் தோண்டித் திருட வருகிறவன் தலையில் கல் கொட்டும். இந்த அமைப்பால்தான் உள்ளே புதைத்த தங்கக் கிரீடங்கள் தப்பின.

1973இல் சொன்மாச்சொங்கைத் தோண்டியபோது பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பக்கத்தில் இருக்கும் பெரிய மேட்டைத் திறப்பதற்கு முன் கை பழகுவதற்காகத் தொட்ட கல்லறை இது! பிர்ச் மரப்பட்டையால் செய்த சேணத் தொங்கலில் தீட்டிய பறக்கும் வெள்ளைக் குதிரை இங்கே கிடைத்ததுதான். கல்லறைக்கு அந்தக் குதிரையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பூங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சொம்சொங்தே இருக்கிறது. சில்லாவின் 27ஆவது ஆட்சியாளரான சொன்தொக் அரசியின் காலத்தில் (632 முதல் 647 வரை) கட்டிய, 9 மீட்டர் உயரமுள்ள வானியல் கோபுரம். உடற்பகுதியில் கல் வரிசைகளும் 27. 2016 நிலநடுக்கத்தில் சற்றே சாய்ந்தது, விழவில்லை.

நேரம் இருந்தால் வொல்ஜி குளம். 674இல் மன்னர் முன்மு அரண்மனையை ஒட்டி வெட்டியது. 1975இல் தூர்வாரியபோது ஆயிரக்கணக்கான அன்றாடப் பொருள்கள் சேற்றிலிருந்து வந்தன. அவற்றில் ஒன்று பதினான்கு முகம் கொண்ட மரப் பகடை. ஒவ்வொரு முகத்திலும் விருந்தில் செய்ய வேண்டிய ஒரு தண்டனை எழுதியிருந்தது: மூன்று கிண்ணத்தை ஒரேயடியாகக் குடி, இசையில்லாமல் ஆடு, எல்லோரும் உன் மூக்கில் அடிக்கட்டும்! பதப்படுத்துவதற்காக உலர்த்தும்போது மூலப் பகடை எரிந்துபோய்விட்டது. இப்போது இருப்பவை நகல்கள். கல் பிழைக்கும், மரம் போகும் என்ற விதி ஆய்வுக்கூடத்துக்குள்ளும் விடவில்லை.

கியோங்ஜு வேண்டாம் என்றால்

அவ்வளவு தூரம் பேருந்தில் உட்கார முடியாதவர்களுக்குப் பூசானிலேயே பொமொசா இருக்கிறது. 678இல் துறவி உய்சாங் நிறுவியது. மெட்ரோ முதல் தடத்தில் பொமொசா நிலையத்தில் இறங்கி, 90ஆம் எண் பேருந்தில் ஏறினால் கோயில் அருகே விடும். இங்குள்ள இல்ஜுமுன் வாயிலில் தூணின் பெரும்பகுதி கல், அதன்மேல் குட்டையாக மரம்.

யாங்சானில் இருக்கும் தொங்தோசா ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 646இல் துறவி ஜாஜாங் தொடங்கியது. புத்தரின் திருச்சின்னங்கள் வளாகத்திலேயே இருப்பதால் தலைமை மண்டபத்தில் புத்தர் சிலையே கிடையாது. 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஏழு மலைக்கோயில்களில் இதுவும் ஒன்று. கடற்பாறைமேல் நிற்கும் ஹேதொங் யொங்குங்சா படத்துக்கு அழகு. ஆனால் கட்டடங்கள் புதியவை, கூட்டமும் அதிகம்.

தமிழ் வாசகர்கள் கேட்கக்கூடிய இன்னொரு இடம் பூசானை ஒட்டியுள்ள கிம்ஹே. அயுத்தா என்ற தொலைநாட்டிலிருந்து கடல் வழியாக வந்து கி.பி. 48இல் கிம்ஹேயை ஆண்ட சுரோ மன்னரை மணந்ததாகச் சொல்லும் ஹொ ஹ்வாங்ஒக் அரசியின் கல்லறை அங்கே இருக்கிறது. கடல் சீற்றம் தணிய அவர் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்லும் கல் ஸ்தூபியும் உண்டு. அவர் தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்று நம்மிடையே பேசுகிறார்கள். அயோத்தியில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். கதையைச் சொல்லும் 'சம்குக் யூசா' நிகழ்ச்சிக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து எழுதியது. அயுத்தா எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடில்லை. மரபுக்கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

விசா: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தென்கொரிய விசா தேவை. குரூஸ் பயணிகளுக்கென்று சுற்றுலா இறங்கு அனுமதி என்ற ஏற்பாடு உண்டு. அது எல்லாக் கப்பலுக்கும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. டிக்கெட் எடுக்கும்போதே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சாப்பாடு: சைவம் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்கறியாகவே தெரியும் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் ஊறுகாயோ கலந்திருக்கும். இறைச்சியும் முட்டையும் இல்லாத பிபிம்பாப் கேட்கலாம். கோயில் சமையலில் பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. கியோங்ஜுவின் சிவப்புப் பயறு ரொட்டியான ஹ்வாங்னாம் பாங் 1939 முதல் செய்துவருவது, வழிக்கு வாங்கிக்கொள்ளலாம்.

கட்டணம்: புல்குக்சா, சொக்குராம் உட்பட ஜோக்யே என்ற பௌத்த சங்கத்தின் பெரிய கோயில்களில் 2023 மே முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. சொந்தமாகப் போகிறவர்களுக்கு இது மிச்சம். வழி தேட நேவர் மேப், காக்கோ மேப் இரண்டில் ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள், உள்ளூரில் எல்லோரும் வைத்திருப்பது அவைதான்.

இலையுதிர் காலத்தில் மலைப்பாதை நெரியும். நேரம் குறைந்துபோனால் எதை விடுவது? கல்லறை மேடுகளைப் பேருந்து ஜன்னலிலிருந்தே ஓரளவு பார்த்துவிடலாம், முதலில் அதை விடுங்கள். சொக்குராமை அடுத்ததாக விடலாம், கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்ப்பது சில நிமிடம்தான். புல்குக்சாவில் மட்டும் குறைக்காதீர்கள். உலாவுக்குப் பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: புல்குக்சாவில் எத்தனை நிமிடம்? ஒரு மணி நேரத்துக்குக் குறைவு என்று பதில் வந்தால் அந்த உலாவை விட்டு வேறொன்றைப் பாருங்கள்.